பிறக்காத மகனின் கையெழுத்து

அத்தியாயம் 9

வீட்டை விற்றவர் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். வாங்கியவள் யன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்துக்கொண்டிருந்தாள். இப்படியொரு கூத்தை ஓட்டோக்காரன் மஸாஹிர் தன் முப்பத்தெட்டு வயதுக்குக் கண்டதில்லை.

"நாலடி ரெண்டு அங்குலம்," என்று தனுஷா அளவுநாடாவைச் சுருட்டினாள். எட்டு மாத வயிறு. மூச்சு வாங்கியது. "குறை நினையாதேங்கோ ரீச்சர். முப்பதாம் தேதி நீங்கள் வீட்டுத் திறப்பைக் கையிலை தந்தவுடனை குடிபுகவேணும். நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் அடுத்த ஆக்களுக்கு நாள் குடுத்திட்டார்."

"அளவுங்கோ பிள்ளை, அதுக்கென்ன," என்றார் கௌசலா ரீச்சர். சொன்ன வாய்தான் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை.

தனுஷாவின் புருசன் கேற்றடியில் மோட்டார் சைக்கிளில் இருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. வீட்டு உறுதிப்பத்திரம் மனைவி பெயரில் எழுதியாயிற்று, அவன் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாலும் ஹெல்மெட் இடமும் வலமும் ஆடும், அவ்வளவுதான்.

"ஆள் நித்திரை கொள்ளுறதும் ஹெல்மெட்டோடதானோ தெரியேல்ல, மிஸ்," என்று மஸாஹிர் குசுகுசுத்தான்.

மிஸ் சிரிக்கவில்லை. மிஸ் என்றால் நாகேஸ்வரி. காணிப் பதிவகத்தில் முப்பத்துமூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்து, ஓய்வுபெற்று, கிளிநொச்சி நீதிமன்றத்துக்கு எதிரே ஓர் அறையில் 'உறுதி தேடித் தரப்படும்' என்று பலகை மாட்டியவர். உறுதி தேடப்போய் ஆள் தேடுவதே தொழிலாகிவிட்டது. மஸாஹிரின் ஓட்டோவுக்கு அவர் கூலி கொடுப்பார். அவனுடைய வாய்க்குக் கூலி கிடையாது, அது இலவச இணைப்பு.

தனுஷாவும் ஹெல்மெட்டும் போன பிறகு ரீச்சர் கதிரையில் விழுந்தார்.

"ஐஞ்சு நாள் கிடக்கு மிஸ். ஐஞ்சே நாள்."

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: படி இல்லாத வீடு. புருசன் சிவராசாவுக்கு யுத்தத்தின் கடைசி மாதத்தில் முள்ளந்தண்டில் செல் குண்டின் துண்டு ஏறியது. அன்றிலிருந்து நடையில்லை, சில்லுக்கதிரைதான். இந்த வீட்டுக்கு முன்னால் மூன்று படி, குசினிக்கு இரண்டு, கக்கூஸ் வளவின் கடைசியில். இதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி அப்புத்துரை என்றொரு கிழவர் முழங்கால் வருத்தத்தோடு வாழ்ந்தார். தனக்கு வசதியாக, ஒரு படியும் இல்லாமல், வாசலைச் சரிவாக இழுத்து, கதவையெல்லாம் அகலமாக வைத்துக் கட்டிய வீடு. கிழவர் போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தார். மகள் சாரங்கா விற்கப்போகிறாள் என்று கேட்டதும் ரீச்சர் இந்த வீட்டை விற்று அதற்கு முற்பணம் கட்டினார். இங்கே ஒரு மாதத்தில் உறுதி எழுதி முடிந்தது. அங்கே கிழவரின் உயிலை ஏற்கும் மரணசாதன வழக்கு குறுக்கே படுத்துவிட்டது.

அப்புத்துரை சொத்தெல்லாம் மகளுக்கென்று எழுதிவைத்திருந்தார். ஆனால் நீதிமன்றம் கேட்ட வாரிசுப் பட்டியலைக் கிராம அலுவலர் கொடுத்தபோது அதில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சாரங்கா, மகள். சுஜிதன், மகன். ஆட்சேபணை இல்லையென்று சுஜிதன் கையெழுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அவனுடைய மரணச் சான்றிதழ் வரவேண்டும். வழக்கின் அடுத்த தவணை தை மாதம்.

"அந்தப் பெடியன் ஒரு கையெழுத்து வைச்சால் திறப்பை அண்டைக்கே தருவன் எண்டு சாரங்கா சொல்லுறா," என்றார் ரீச்சர். "உறுதி ஆறுதலா எழுதலாமாம். கையெழுத்து இல்லாமல் ஆரையும் உள்ளை விடவேண்டாம் எண்டு லோயர் மறிச்சுப் போட்டாராம். கண்டுபிடிப்பீங்களோ மிஸ்?"

உள்ளே இருந்து சிவராசாவின் குரல் வந்தது. "எனக்காக இல்லை மிஸ். என்னைத் தூக்கித் தூக்கி இவவின்ரை இடுப்பு விட்டுப்போச்சு. அதைத்தான் என்னாலை பாக்கேலாமல் கிடக்கு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடான் என்பார்கள். இங்கே பூசாரியைக் கண்டவர்களே இல்லை.

~

"எனக்கு அண்ணனுமில்லை, தம்பியுமில்லை," என்றாள் சாரங்கா. வவுனியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து தகப்பன் வீட்டைத் திறந்துவிட்டிருந்தாள். "ஊரெல்லாம் கேளுங்கோ. நான் ஒரேயொரு பிள்ளை."

"அப்பாவுக்கு வேற எங்கயாவது சின்னதா ஒரு..." என்று மஸாஹிர் தொடங்க, மிஸ் அவன் காலை மிதித்தார்.

"கடைசிச் சண்டையிலை நீங்கள் எங்கை பிள்ளை?"

"நான் கலியாணம் முடிச்சு வவுனியாவிலை. அம்மா இஞ்சை சண்டையிலை செத்துப்போனா. அப்பா மட்டும் தப்பி முகாமுக்கு வந்தவர்."

முகாமில் கொடுத்த குடும்ப அட்டையின் பிரதியை மிஸ் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். பிறகு அலுமாரியில் கிடந்த அப்புத்துரையின் பழைய பத்திரங்களையெல்லாம் மேசையில் பரப்பினார். பத்து நிமிடம் கதையில்லை. மஸாஹிருக்குப் பத்து நிமிடம் கதைக்காமல் இருப்பது நோன்பை விடக் கஷ்டம்.

"அப்பாவின்ரை பிறந்த நாள் பங்குனி பதினாலு," என்றார் கடைசியில். "சுஜிதன்ரை பிறந்த நாளும் பங்குனி பதினாலு."

"நடக்கலாம்தானே மிஸ்? என்ட மனிசி நிஹ்லாவும் நானும் ஒரே கிழமையில பிறந்த ஆக்கள்."

"நடக்கலாம். ஆனா இஞ்சை பாரும். சாரங்காவின்ரை தேதியை இந்த மனிசன் மூண்டு பத்திரத்திலை மூண்டு விதமாச் சொல்லியிருக்கிறார். ஒண்டும் சரியில்லை. பெத்த மகளின்ரை தேதி நினைவில்லாத தகப்பனுக்கு மகன்ரை தேதி மட்டும் எப்பிடி வந்தது?"

மஸாஹிர் தலையைச் சொறிந்தான்.

"கேட்ட உடனை வாயிலை வந்த தேதி," என்றார் மிஸ். "அவசரத்துக்கு அவருக்குத் தெரிஞ்ச ஒரேயொரு தேதி, தன்ரை தேதி. இது பெத்த மகன் இல்லை, பதிஞ்ச மகன்."

சாரங்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. அந்த நாட்களில் தனியாக நின்ற பிள்ளையைப் பிரித்து எங்கோ கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், பக்கத்தில் நின்றவர்கள் "என்ரை பிள்ளை" என்று சொல்லித் தங்கள் அட்டையில் ஏற்றிக்கொண்டது எத்தனையோ குடும்பங்களில் நடந்தது. அன்றைக்கு அது புண்ணியம். பிறகு பெயரை வெட்டச் சொன்னால் "ஆள் எங்கே?" என்று கேட்பார்களே என்று பயந்து அப்படியே விட்டார்கள். அட்டையில் இருந்த பெயர் கிராம அலுவலரின் கொப்பிக்குப் போய், கொப்பியிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்து, இப்போது வாரிசு என்று நிற்கிறது.

"அப்ப லேசுதானே மிஸ்? அவன் தம்பியில்லை எண்டு நான் சத்தியக்கடதாசி குடுக்கிறன்."

"அதைச் சொல்லவேண்டியது அப்பா. அவர் இல்லை. நீங்கள் சொன்னால், சொத்துக்காகக் கூடப்பிறந்தவனையே இல்லையெண்டுறா எண்டு கோட்டிலை நினைப்பினம். அவன்தான் வந்து சொல்லவேணும்."

"மரணச் சான்றிதழ்?"

"செத்தவனுக்குத்தான் பிள்ளை அது. பிறக்காதவனுக்கு எந்தக் கந்தோரிலை போய் எடுக்கிறது?"

மஸாஹிர் பெருமூச்சு விட்டுக் கதவுப் பக்கம் நடந்தான். காலில் ஏதோ மிதிபட்டது. கதவின் கீழ் இடுக்கால் யாரோ உள்ளே தள்ளிவிட்ட சின்னப் பொட்டலம். பிரித்தான். விபூதி.

"மேல போன மனிசனுக்கு ஆர் மிஸ் விபூதி அனுப்பினது? விலாசம் மாறினது தெரியாதாக்கும்."

பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் மிஸ் பாய்ந்துவந்து பொட்டலத்தைப் பறித்தார். சுற்றியிருந்த தாள், முள்ளியவளையில் ஒரு பிள்ளையார் கோயிலின் ரசீது. தேதி, இந்த வருட ஆடி அமாவாசை.

"சாரங்கா, அந்த அலுமாரி லாச்சிக்குள்ளை விபூதிப் பொட்டலம் கொஞ்சம் கிடந்ததே?"

எண்ணிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பொட்டலங்கள். எல்லாம் அதே கோயில், எல்லாம் ஆடி அமாவாசை, வருடத்துக்கு ஒன்று.

"அப்பாவாலை சந்தைக்கே நடக்கேலாது," என்றாள் சாரங்கா. "முள்ளியவளைக்கு எப்பிடிப் போனவர்?"

"அவர் போகேல்லை," என்றார் மிஸ். "போனவன் ஒவ்வொரு வருசமும் கொண்டுவந்து குடுத்திருக்கிறான். செத்த பிறகும் கொண்டுவந்திருக்கிறான். மஸாஹிர், ஓட்டோவிலை எண்ணெய் இருக்கோ?"

"முள்ளியவளைக்கோ மிஸ்? என்ட ஊருக்குப் பக்கம். எண்ணெய் இல்லாட்டித் தள்ளிக்கொண்டெண்டாலும் போறன்."

~

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் ஓட்டோ பறந்தது. தர்மபுரத்தில் மிஸ் ஒரு வீட்டைக் காட்டினார். ரீச்சரின் தங்கை சுரேகாவின் வீடு. ஒரு அறை, பாதிப் பூச்சு, வாசலில் நாலு படி. ஒன்றும் சரிவராவிட்டால் ரீச்சரும் சிவராசாவும் அங்கேதான்.

"மூண்டு படியிலயிருந்து நாலு படிக்கோ?" என்றான் மஸாஹிர். "இதுக்கோ வீட்ட வித்தது?"

"அதுதான் ஓடுறம்."

"கடதாசிய நம்பக்கூடாது மிஸ். தொண்ணூறில எங்களத் துரத்தின பிறகு புத்தளத்தில இருபது வருசம் எங்கட உம்மா காணி உறுதிய அலுமாரிக்குள்ள பூட்டி வெச்சிருந்தா. தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்து பாத்தா உறுதி பத்திரமா இருந்துது. வீடுதான் இல்ல."

கோயில் மடத்தில் ஐயர் விசிறியோடு இருந்தார். மிஸ் ரசீதை நீட்டி வாய் திறக்க முன்னரே அவர் சிரித்தார்.

"ரெண்டு தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்யிற பிள்ளையோ? அவரை மறப்பனோ!"

"ரெண்டு தகப்பனோ?"

"போன வருசம் வரைக்கும் ஒண்டுதான். இந்த வருசம் ரெண்டு பேர் சொன்னார். தம்பி, ஆருக்கும் தகப்பன் ஒண்டுதானே எண்டு கேட்டன். பெத்தவர் ஒராள், காப்பாத்தினவர் ஒராள் ஐயா, ரெண்டாவது பேரையும் சொல்லுங்கோ எண்டார். அப்புத்துரை. நான் என்ன செய்ய, சொன்னன்."

மஸாஹிர் தொடையில் தட்டினான். கிடைத்துவிட்டான்! இனி ஒரு கையெழுத்து, ஒரு திறப்பு, சிவராசா சரிவான வாசலால் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போவார். மனதுக்குள் அந்தக் கதிரைக்குப் பின்னால் அவனே நடந்தான்.

"அவரின்ரை பேர் ஐயா?"

"நிரூபன். அந்தா, மடைப்பள்ளி யன்னல் தெரியுதே, அந்த அலுமினிய வேலை அவரின்ரைதான். கூலி வேண்டாம் எண்டிட்டார். கிளிநொச்சியிலை பட்டறை. மனிசியும் கூட வந்தவா. தனுஷா, பூரட்டாதி. புது வீடு வாங்கிறம், குடிபுக நாள் பாத்துத் தாங்கோ எண்டு கேட்டவா. முப்பதாம் தேதி நல்ல நாள் எண்டு நான்தான் குறிச்சுக் குடுத்தன்."

மஸாஹிரின் வாய் திறந்தபடி நின்றது. யன்னல் அளவு. எட்டு மாத வயிறு. கேற்றடியில் ஆடிய ஹெல்மெட்.

"யா அல்லாஹ்! கையில வெண்ணெய வெச்சுக்கொண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கிறம் மிஸ். அதுவும் ஐம்பது கிலோமீற்றர்!" கைத்தொலைபேசியை எடுத்தான். "ரீச்சருக்குச் சொல்லுறன்."

"பொறும்," என்றார் மிஸ். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. "அந்த ஒழுங்கைச் சனம் அப்புத்துரை வீட்டுக்கு வந்துபோன முகத்தை அறியும். அதுதான் ஹெல்மெட். தன்னைத் தேடுறம் எண்டு தெரிஞ்சும் ஒளிக்கிறான் எண்டால் காரணம் இருக்கும். முதலிலை கேப்பம்."

~

பட்டறையில் நிரூபன் ஒரு யன்னல் சட்டத்துக்கு மூலை பொருத்திக்கொண்டிருந்தான். நாலடி ரெண்டு அங்குலம். ரீச்சர் வீட்டு யன்னல்.

மிஸ் பதின்மூன்றாவது பொட்டலத்தை மேசையில் வைத்தார். அவன் அதைப் பார்த்தான். பட்டறைக் கதவைப் பாதி இழுத்துச் சாத்தினான்.

"எனக்கு அப்ப பதினாறு," என்றான். "இயக்கப் பெடியள் சண்டைக்குப் பிடிச்சுக்கொண்டு போய்ப் பதினேழு நாள். பதினேழாம் நாள் ஓடியிட்டன். தலையை ஒட்ட வெட்டியிருந்தவை. அந்தத் தலையோடை வெளியிலை வந்தால் ஆரெண்டு பாத்தவுடனை தெரியும். என்ரை அப்பா அதுக்கு முதலே செத்திட்டார். ஆமியின்ரை சோதனை வரிசையிலை எனக்கு முன்னாலை நிண்டது அப்புத்துரை ஐயா. முன்பின் தெரியாத மனிசன். தான் கட்டியிருந்த சாரத்தைக் கிழிச்சு என்ரை தலையிலை சுத்தி, என்ரை மகன், அம்மை போட்டிருக்கு, கிட்ட வராதேங்கோ எண்டார். பேர் கேட்டினம். சுஜிதன் எண்டார். ஆரின்ரை பேரோ, இண்டைக்கும் தெரியாது."

"பேந்து என்ன நடந்தது?"

"இயக்கத்திலை ஒருநாளெண்டாலும் இருந்தவை இந்தப் பக்கம் வாங்கோ எண்டு ஆமிக்காரர் ஒலிபெருக்கியிலை சொன்னவை. நான் போகேல்லை. ஐயா கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. ரெண்டு வருசத்துக்குப் பிறகு மாமி வீட்டுக்கு வந்து என்ரை சொந்தப் பேரிலை அடையாள அட்டை எடுத்தன். சுஜிதன் அந்த அட்டையிலேயே நிண்டிட்டான்."

மிஸ் மெதுவாகக் கேட்டார். "ஒரு கையெழுத்துத்தான் தம்பி."

"எந்தப் பேரிலை மிஸ்? சுஜிதன் எண்டு வைச்சால் அடையாள அட்டை கேப்பினம். அது இல்லை. நிரூபன் எண்டு வைச்சால், நான்தான் அந்த அட்டையிலை இருந்தனான் எண்டு சொல்லவேணும். ஏன் பேரை மாத்தினனீர் எண்டு கேப்பினம். அந்தக் கதையை நான் கோட்டிலை காலமை சொன்னால், பின்னேரம் என்ரை வீட்டுக்கு ஆர் வருவினம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ? என்னோடை ஓடிவந்த பெடியனை ஆனியிலை விசாரணைக்குக் கூப்பிட்டவை. இன்னும் ஒவ்வொரு மாசமும் போய்க் கையெழுத்து வைக்கிறான். தனுஷாவுக்கு இது ஒண்டும் தெரியாது. அவவுக்கு எட்டு மாசம்."

"திறப்பு வாங்கிற தேதியையெண்டாலும் தள்ளிப்போடும்."

"எங்களையும் முப்பதாம் தேதி வாடகை வீட்டாலை எழுப்பினம் மிஸ். பிள்ளைத்தாய்ச்சியை ரோட்டிலையோ விடுறது?"

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

"நான் ஏன் அந்த ஒழுங்கையிலை வீடு வாங்கினன் தெரியுமோ?" என்றான் நிரூபன். "ஐயா நடந்த தெருவிலை இருக்கவேணும் எண்டுதான். ரீச்சர் ஐயாவின்ரை வீட்டுக்குத்தான் போகப்போறா எண்டு உறுதி எழுதினாப் பிறகுதான் தெரியும். சிவராசா அண்ணை விறாந்தையிலை இருந்து என்னைப் பாக்கேக்கை செத்துப்போகலாம் போல கிடக்கும். சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ மிஸ். நான் ஓடமாட்டன். பதினாறு வயசிலை ஓடினது போதும்."

மஸாஹிர் கோபப்படத்தான் வந்தான். வழி முழுக்க ஒத்திகை பார்த்துவைத்த வசவு ஒன்று தொண்டையில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு வெளியே போய் ஓட்டோவைத் திருப்பினான்.

ஏறி உட்கார்ந்ததும் மிஸ்ஸின் தொலைபேசி அடித்தது. ரீச்சர்.

"கண்டனீங்களோ மிஸ்?"

மிஸ் பட்டறைக் கதவைப் பார்த்தார். மஸாஹிர் ஓட்டோவின் கண்ணாடிக்குள்ளால் மிஸ்ஸைப் பார்த்தான். முப்பத்துமூன்று வருடம் ஒரு பதிவைக்கூடப் பிழையாக எழுதாத மனுசி.

"இல்லைப் பிள்ளை. எல்லா இடமும் தேடியாச்சு. கண்டுபிடிக்கேலாமல் போச்சு."

"பரவாயில்லை மிஸ். எங்களுக்காக இவ்வளவு ஓடினீங்களே, அதுவே பெரிய காரியம்."

ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மஸாஹிருக்குத் தோன்றியது.

~

முப்பதாம் தேதி காலை லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ரீச்சரின் அலுமாரியும் கட்டிலும் ஏறின. நிரூபன் வந்திருந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. அலுமாரியின் பாரமான பக்கத்தை அவன்தான் பிடித்தான்.

"உங்களை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு தம்பி," என்றார் ரீச்சர்.

"இஞ்சை பக்கத்திலைதான் பட்டறை, ரீச்சர்."

கடைசியாகச் சிவராசா. நிரூபன் ஒருவனாகவே அவரைக் கதிரையோடு தூக்கி, மூன்று படியும் குலுங்காமல் இறக்கி, ஓட்டோவடியில் வைத்தான்.

"தம்பிக்கு நல்ல பலம்," என்று சிவராசா அவன் கையைத் தட்டிச் சிரித்தார். "தர்மபுரத்திலை நாலு படியாம். உங்களையும் ஏத்திக்கொண்டு போகலாம் போல கிடக்கு."

நிரூபன் குனிந்தபடியே நின்றான். கதிரையின் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. தனுஷா "என்னப்பா?" என்று கூப்பிட்ட பிறகுதான் எடுத்தான். ரீச்சர் திறப்பை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினான். "நல்லா இருங்கோ பிள்ளையள்," என்றார் ரீச்சர், மனதாரத்தான் சொன்னார்.

ஓட்டோ அப்புத்துரை வீட்டு வாசலைத் தாண்டியது. கேற்றில் பூட்டு. சரிவான வாசலில் வேப்பஞ்சருகு. சிவராசா திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தது ரீச்சர்தான்.

"மஸாஹிர், ஏதும் பகிடி சொல்லுமன்," என்றார் மிஸ்.

மஸாஹிர் யோசித்துப் பார்த்தான். பரந்தன் போய், தர்மபுரம் வரும்வரைக்கும் யோசித்தான்.

சுரேகா வீட்டு வாசலில் சில்லுக்கதிரையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான். மறு பக்கத்துக்கு ரீச்சர் குனிய முன்னர் மிஸ் போய்ப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கேன் மிஸ் இந்தக் கரைச்சல்? இந்த வயசிலை..." என்று ரீச்சர் பதறினார்.

மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு முதற்படியில் தூக்கினார். இன்னும் மூன்று இருந்தன.